கடைசி இருபது கிலோமீட்டர்

ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் 1996இல் அட்லாண்டாவில் சேர்ந்தது. இன்று அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சில கிலோமீட்டர் நீளமுள்ள வளையத்தில் சில சுற்றுகள், எல்லாமே உச்ச மூச்சில். நான் என் இளமையைக் கொடுத்தது வேறொரு வகைக்கு. ஐந்து மணி, ஏழு மணி, மழை பிடித்துக்கொண்டால் அதற்கு மேலும் சீட்டில் இருக்க வேண்டிய பந்தயங்கள் அவை. அன்றைய தூரத்தை முடித்துக் கூடாரத்தில் படுத்து, விடிந்ததும் வலிக்கிற அதே காலோடு அடுத்த மலையைத் தொடங்க வேண்டும். இப்படி ஒரு வாரம் போகும். ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருடைய மொத்தம் குறைவோ அவரே வென்றவர்.

"டூர் டி பிரான்ஸ் மாதிரியா?" என்று கேட்பார்கள். நேரத்தைக் கூட்டும் கணக்கு அதேதான். ஆனால் உதிரிச் சக்கரத்தோடு பின்னால் கார் வராது. டயர் கிழிந்தால் பாதையோரம் உட்கார்ந்து நீங்களே அடைக்க வேண்டும், செயின் அறுந்தால் நீங்களே கோக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் பந்தயத்தில் இருவர் இருவராக ஓட்டுகிறார்கள். எட்டு நாளும் ஒருவரைவிட்டு ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. நல்ல கால் இருக்கிறவர் சோர்ந்துபோன கூட்டாளிக்காக நின்றே ஆக வேண்டும். இந்த விளையாட்டு எதை மதிக்கிறது என்பதற்கு எனக்கு அந்த ஒரு விதி போதும்.

இதன் வேர்களில் ஒன்று அமெரிக்காவின் கொலராடோவில் லெட்வில் என்ற சுரங்க ஊரில் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். பக்கத்திலிருந்த கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் 1980களின் தொடக்கத்தில் ஆட்களை வெளியே அனுப்பியபோது ஊரே வேலையிழந்தது. கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி, வெளியூர்க்காரர்கள் ஓரிரவாவது வந்து தங்கட்டும் என்று 1983இல் நூறு மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தார். 1994இல் அதற்குச் சைக்கிள் பந்தயம் ஒன்றும் கூடியது. 160 கிலோமீட்டர், நடுவழியில் கொலம்பைன் சுரங்கம்வரை ஏறித் திரும்ப வேண்டும், அந்த இடம் சுமார் 3,800 மீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தவர் எல்லோருக்கும் ஒரு பெல்ட் பக்கிள் உண்டு. முதலில் வந்தவரும் 11 மணி 50 நிமிடத்தில் வந்த பள்ளி ஆசிரியையும் அந்த ஊரில் பக்கிள் அணிந்தவர்கள்தான். அங்கே 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு தடவை வென்றவர் டேவ் வீன்ஸ். அவருக்கும் முன்பே ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்றொருவர் இருந்தார். இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தை அப்போது நான்கு பேர் அணியாகத்தான் ஓட்ட விடுவார்கள். அவர் 1996இல் தன் பெயரையே நான்கு விதமாக எழுதிக்கொடுத்து, நால்வரின் வேலையை ஒருவராக ஓட்டி முடித்தார். தனியாள் பிரிவு பிறந்தது அப்படித்தான்.

இந்தப் பெயர்களெல்லாம் எனக்குத் தெரியவந்தது கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில். பள்ளி முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சக்கரம் பின்னுவது, பேரிங் மாற்றுவது, ஸ்போக் டென்ஷன் பார்ப்பது எல்லாம் அங்கே கற்றவை. ஒர்க்‌ஷாப்புக்கு வந்துபோகும் ஓர் அண்ணன், கப்பல் வேலையில் வெளிநாடுகள் சுற்றியவர், பழைய பந்தயப் பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஞாயிறுதோறும் அவரோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் விடாத ஏற்றம். நான் முதல் வளைவிலேயே எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினால் பின்னாலிருந்து அவர் குரல் வரும்: "தம்பி, பேச முடியற அளவுக்குத்தான் மிதிக்கோணும். மலை எங்கேயும் ஓடிப்போயிடாது." என் தொழிலின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். இன்றுவரை அதைவிடப் பெரிதாக எந்தப் பயிற்சியாளரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதன் காரணம் உடம்புக்குள் இருக்கிறது. தசையிலும் ஈரலிலும் நாம் சேர்த்துவைக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோ. மூச்சு வாங்கும் வேகத்தில் மிதித்தால் அது இரண்டு மணி நேரத்திலேயே கரைந்துவிடும். கொழுப்பு எல்லோரிடமும் நாள்கணக்கில் ஓட்டுமளவுக்கு இருக்கிறது; ஆனால் அது மெதுவாக எரிவது. விறகடுப்பில் சுள்ளியும் கட்டையும் சேர்ந்து எரிவதுபோலத்தான்: கட்டை நின்று எரியும், சுள்ளி தீர்ந்தால் கட்டையும் புகைந்து அணையும். முதல் ஒரு மணி நேரத்தில் முந்திக்கொண்டு போகிறவர் தன் சுள்ளியையெல்லாம் அங்கேயே எரித்துவிடுகிறார். பிறகு எவ்வளவு தின்றாலும் அந்த வேகத்தில் வயிறு நிரப்பித் தராது. நெடுநேரப் பந்தயங்களில் முடிவு கடைசி இருபது கிலோமீட்டரில் தெரியும் என்பார்கள். அந்த இருபது கிலோமீட்டர் காலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் அனுபவம். என்னை முந்திப் போனவர்களில் எத்தனையோ பேரை மாலையில் பாதையோரம் குனிந்து நிற்கக் கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் என்னைவிட வலுவான கால் கொண்டவர்கள்.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அது 2005இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயா பந்தயம். ஹிமாசலப் பிரதேசத்தில் சிம்லாவிலிருந்து புறப்பட்டு, மழைக்காலம் ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் நடந்துவந்தது. பாதை ஆண்டுக்காண்டு மாறும். பெரும்பாலும் வாரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். நாளுக்கு 60, 80 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள்: பல நாட்களில் 2,000 மீட்டருக்கு மேல் வரும். ஊட்டியே 2,240 மீட்டரில்தான் இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஊட்டிவரை ஏறுகிற உழைப்பைக் கல்லிலும் சேற்றிலும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

அது ஆப்பிள் அறுவடைக் காலம். கிராமத்துப் பாதைகளில் மரப்பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கிக் கிடக்கும், வளைவு திரும்பினால் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருக்கும். கோவேறு கழுதைகள் போகிற தடத்தில் அவற்றின் குளம்பு தோண்டிய குழிகளில் முன்சக்கரம் விழும். தேவதாரு வேர்கள் மழைக்குப் பிறகு எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். அந்த வேர்களில் பிரேக் போடக் கூடாது. வேருக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர்மேல் கையைத் தளர்த்திச் சக்கரத்தை அதன் போக்கில் விட வேண்டும். தெற்கிலிருந்து போன எங்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள நிறையத் தோல் உரிந்தது. ராணுவத்திலிருந்து வந்த வீரர்கள் ஏற்றத்தில் எங்களைவிட எப்போதும் முன்னால் இருந்தார்கள். அவர்கள் அந்த உயரத்திலேயே வாழ்ந்தவர்கள், பயிற்சிக்குச் சம்பளத்தோடு நேரம் பெற்றவர்கள். இறக்கத்தில்தான் அவர்களிடமிருந்து நான் நிமிடங்களைத் திரும்பப் பெற்றேன்.

அந்தப் பாதையில் வந்த ஜலோரி கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 3,120 மீட்டர். கடல்மட்டத்தோடு பார்த்தால் அங்கே காற்றின் அழுத்தம் 70 சதவீதம் அளவுக்குத்தான். கணவாய்க்கு முந்தைய கடைசிச் சில கிலோமீட்டர் செங்குத்து. மிகச் சிறிய கியரிலும் முன்சக்கரம் தரையைவிட்டு எழப் பார்க்கும். அங்கே இதயத்துடிப்புக் கருவியை நம்பக் கூடாது. அதே துடிப்பில் கால் தருகிற வலு கோயம்புத்தூரில் தருவதைவிடக் குறைவாக இருக்கும். நான் மூச்சை வைத்து ஓட்டினேன். மூச்சுக்கு நான்கு மிதி என்று பிடித்துக்கொண்டால் உச்சியில் இருக்கிற டீக்கடை வரைக்கும் அந்தத் தாளம் கெடாது. அங்கிருந்து சோஜா வழியாக ஜிபி நோக்கி இறங்கும் பாதையில், ஏறும்போது சுட்ட உடம்பு பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் ஏற்றத்தில் வீண் சுமையாகத் தோன்றும். விரல் மரத்துப்போய் பிரேக் பிடியை உணராமல் ஒரு வளைவில் இறங்கிப் பாருங்கள், அந்த இருநூறு கிராம் எதற்கு என்று விளங்கும்.

பிரேக் பேட் பற்றி ஒர்க்‌ஷாப்புக்காரனாகவே பேசுகிறேன். டிஸ்க் பிரேக்குக்கு ரெசின் பேட், மெட்டல் பேட் என்று இரண்டு வகை. ரெசின் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் ஈர மணலில் ஒரே நாளில் தேய்ந்து தகடு தெரிந்துவிடும். இமயத்துக்கு மெட்டல்தான். இரண்டு ஜோடி பையில் இருக்க வேண்டும். அதோடு பின்கியரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு. கல்லில் அடிபட்டால் சட்டம் உடையாமல் தான் உடைந்து கொடுப்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். பல கம்பெனிச் சட்டங்களுக்கு வெவ்வேறு அமைப்பு என்பதால் மலைக்கிராமத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. லட்ச ரூபாய்ச் சைக்கிளோடு வந்தவர்கள் அந்தச் சின்னத் துண்டு இல்லாமல் வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். டயர் டியூப்லெஸ்ஸாக இருக்கட்டும், காற்று என் எடைக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு பவுண்ட் அழுத்தம் போதும். உள்ளே ஊற்றுகிற சீலண்ட் நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் காய்ந்து தோலாகிவிடும். பந்தயத்துக்கு முன் கழற்றிப் பார்க்காமல் போகக் கூடாது.

என் வேலையின் முக்கியமான பாதி கூடாரத்துக்கு வந்தபிறகு தொடங்கும். ஈரத் துணியை மாற்றுவதற்கு முன்பே எதையாவது சாப்பிட வேண்டும். முதல் அரைமணி நேரத்தில் தசை மாவுச்சத்தை வாங்கிக்கொள்கிற வேகம் பிறகு இருப்பதில்லை, மறுநாளும் ஓட்ட வேண்டியவருக்கு இது பெரிய விஷயம். அதன் பிறகு ஓடையில் சைக்கிளைக் கழுவி, செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பேட் தடிமன், ஸ்போக், போல்ட். சட்டத்தில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. எட்டு மணிக்குத் தூக்கம். பாட்டும் பேச்சுமாகத் தீமூட்டி உட்கார்ந்திருந்த கூடாரங்கள் பக்கம் போக எனக்கும் ஆசை இருந்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு வரிசைப் பட்டியலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தபோது அந்த ஆசை தானாக அடங்கியது.

சாப்பாட்டில் நம் ஊர்ச் சமையலறை எனக்குக் கைகொடுத்தது. ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம்வரை மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்களின் கணக்கு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில்தான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் இரண்டும் கலந்தால் கூடுதலாக ஏறும். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதில் இரண்டும் சரிபாதி. எலுமிச்சையும் உப்பும் சேர்த்த வெல்லத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போவேன். வெளிநாட்டு ஜெல் பொட்டலம் வாங்கப் பணம் இல்லாததால் ஆரம்பித்த பழக்கம், பிறகு பணம் வந்தபோதும் விடவில்லை. உப்பிட்டு வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, பேரீச்சை, வாழைப்பழம். கடலை மிட்டாய் சுவையானது, ஆனால் அதிலுள்ள எண்ணெய் வயிற்றில் தங்கிவிடும். அதைப் பயிற்சி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி ஒலிக்க வைத்திருந்தேன். மணி அடித்தால் ஏற்றமோ இறக்கமோ, அடுத்த சமதளத்தில் ஒரு வாய். முகாமில் ராஜ்மாவும் சோறும் ரொட்டியும் கிடைக்கும். வீட்டிலிருந்து அம்மா கட்டித் தந்த பருப்புப்பொடியை அதன்மேல் தூவிக்கொள்வேன், அதோடு சோறு கூடுதலாக இறங்கும்.

நேபாளத்தின் யாக் அட்டாக் பந்தயத்துக்கும் போனேன். 2007இல் தொடங்கியது அது. அன்னபூர்ணாச் சுற்றில் தோரோங் லா கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது, 5,416 மீட்டர். அங்கே கிடைக்கும் காற்று கடற்கரையில் கிடைப்பதில் பாதியைத்தான் சற்றுத் தாண்டும். விடியுமுன் புறப்பட்டு, பனியில் சைக்கிளை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தோம். அந்தப் பந்தயத்தைப் பலமுறை வென்ற அஜய் பண்டிட் சேத்ரி போன்ற நேபாளிகள் இருக்கிற வரிசையில் நானும் பெயர் கொடுத்தேன் என்பதே எனக்குப் பெருமை. ஆனால் அங்கே நான் கற்றது வேகம் பற்றி எதுவும் இல்லை. எங்களோடு வந்த ஒருவருக்கு முந்தின மாலை தலைவலி, வாந்தி. காலையில் நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது தடுமாறினார். உயரம் மூளையைப் பாதிக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. அதற்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். அவர் அழுதார், மாதக்கணக்கில் சேர்த்த பணம் என்றார். இரண்டு பேர் பிடித்துக் கீழே கூட்டிப்போனார்கள். மாலைக்குள் அவர் சாதாரணமாகப் பேசத் தொடங்கினார் என்று செய்தி வந்தது. உடம்பு உயரத்துக்குப் பழக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். விமானத்தில் வந்திறங்கி மறுநாளே பந்தயம் ஓட்ட நினைப்பவர்களை நான் இன்றும் தடுக்கிறேன்.

உடம்பின் மற்ற தொல்லைகளும் உண்டு. நாள்முழுக்கக் கைப்பிடியில் அழுத்துவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்; உள்ளங்கை ஓரமாக ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது. கைப்பிடியின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பினாலே பாதி தீரும். சீட் உயரம் சில மில்லிமீட்டர் மாறினால் முழங்கால் ஒரு வாரத்தில் புகார் சொல்லும். தொடை இடுக்குப் புண்ணைப் பற்றி நம் ஆட்கள் கூச்சத்தில் பேசுவதே இல்லை. பந்தயத்தைக் கைவிட வைத்ததில் எலும்பு முறிவுக்குச் சமமான பங்கு அதற்கு உண்டு. ஓட்டி முடித்த உடனே குளித்து, காய்ந்த பருத்தித் துணி மாற்ற வேண்டும். பெண் வீராங்கனைகள் இதைப் பற்றித் தங்களுக்குள் தெளிவாகப் பேசிக்கொள்வதைக் கேட்டபிறகுதான் நாங்களும் வாய் திறந்தோம்.

காசைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். நம் நாட்டில் நெடுநேர மலைச் சைக்கிள் பந்தயத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஒரு நல்ல பந்தயச் சைக்கிள் லட்ச ரூபாயில் தொடங்குகிறது. ஒரு வாரப் பந்தயம் ஒரு செயினையும் ஒரு ஜோடி டயரையும் தின்றுவிடும். பரிசுப்பணம் ரயில் கட்டணத்துக்கு ஆனாலே பெரிது. ராணுவமும் துணை ராணுவமும் தங்கள் வீரர்களைத் தாங்குகின்றன. மற்றவர்கள் என்னைப்போல் வேறு வேலையோடுதான் ஓட்டினோம். அதற்காக நான் யாரையும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. இது வயதோடு பகை இல்லாத விளையாட்டு. 1990இல் டுராங்கோவில் முதல் உலக மலைச் சைக்கிள் சாம்பியனான நெட் ஓவரெண்ட் பிறந்தது 1955இல். அந்தப் பட்டத்தை வென்றபோதே அவருக்கு முப்பத்தைந்து. 1961இல் பிறந்த டிங்கர் ஹுவாரஸ் இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் பிறகு இருபத்து நான்கு மணி நேரப் பந்தயங்களுக்கு மாறி, அறுபது தாண்டியும் ஓட்டிக்கொண்டிருந்தார். வேகம் முப்பதில் குறையத் தொடங்கலாம். தாங்கும் திறனும், பாதையைப் படிக்கும் கண்ணும் நாற்பதிலும் வளர்கின்றன.

நான் இப்போது பல நாள் பந்தயங்களுக்குப் போவதில்லை. ஒர்க்‌ஷாப் இருக்கிறது, ஞாயிறு காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறேன். அவர்களுக்கு நான் ஓட்டக் கற்ற அதே வளையத்தைக் காட்டுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர் அன்று எனக்கு வாய்மொழியாக அனுமதி தந்திருந்தார்: கொழுந்து பறிக்கும் நேரத்துக்கு முன் வர வேண்டும், தொழிலாளர் நடக்கும்போது இறங்கி நிற்க வேண்டும், காட்டெருமை நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மண்பாதை. அதே ஏற்றம், அதே கல், அதே வேர். மறுபடி மறுபடி ஓட்டும்போதுதான் சென்றவாரத்தைவிடக் குறைந்த மூச்சில் ஏறுகிறோமா என்பது தெரியும். நெடுநேரம் ஓட்டுபவரை உருவாக்குவது அப்படி வீட்டுக்கு அருகிலுள்ள ஒரே பாதை. இமயம் அதைச் சோதித்துப் பார்க்கும் இடம், அவ்வளவுதான்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் வால்பாறையிலும் நல்ல கால் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு ஏறி இறங்குகிற சரிவுகளில் நகரத்துப் பையன்கள் மூச்சுவாங்கி நிற்கிறார்கள். அந்த மலைப் பிள்ளைகளுக்கு முறையாக ஓட்ட ஒரு பாதை இல்லை. காடு காப்புக்காடு, அதற்குள் போகக் கூடாது என்பது சரி. விலங்குகளின் இடத்தை நாம் பிடுங்க வேண்டாம். ஆனால் தோட்டங்களுக்குள் ஏற்கெனவே வெட்டிய பாதைகள் இருக்கின்றன. தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், ஒரே ஒரு வளையத்தைத் திறந்துவிடுங்கள். நிபந்தனைகளை நீங்களே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்து, கூடவே நின்று பார்த்துக்கொள்ள என்னைப்போல் ஓட்டி முடித்தவர்கள் ஒவ்வொரு மலையூரிலும் இருக்கிறோம்.